மண்புழு ராட்சச ஹீமோகுளோபின்: உடைக்கிறது அழுத்தமா, பிஹெச்சா? (பஃபர் பற்றிய சந்தேகமும் சேர்த்து)

ஆற்காட்டு_மண்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. திட்டப்பணிக்காக ஆப்பிரிக்க மண்புழு (யூட்ரிலஸ் யூஜினியே) இரத்தத்திலேர்ந்து ஹீமோகுளோபின் பிரிச்சிருக்கோம். பிஹெச் 7-ல டிஎல்எஸ் (ஒளிச்சிதறலை வச்சுத் துகள் அளவு பார்க்கிற முறை) பார்த்தா விட்டம் 28 நானோமீட்டர் காட்டுது. பிஹெச் 9-ல 10 நானோமீட்டர் பக்கம் இறங்குது. அது புரியுது, உடையுது. பிஹெச் 5.4-ல ஒளிச்சிதறல் ஏறுது. "அமிலத்துல இன்னும் இறுக்கமா சேர்ந்து நிக்குது"ன்னு எழுதலாமா?

அடுத்தது, பெங்களூர்ல அழுத்தக் கலம் (மாதிரியை அழுத்தத்துல வச்சபடியே அளக்கிற கருவி) ரெண்டு நாள் கிடைக்குது, 250 மெகாபாஸ்கல் வரை ஏத்தலாம். எல்லாத்துக்கும் ஒரே பஃபரா (பிஹெச்சை நிலையா வைக்கிற கரைசல்) இருக்கட்டும்னு 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 7.0, கூட 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடுன்னு யோசிச்சிருக்கோம். கலக்கினப்போ லேசா வெண்மங்கலா வந்துச்சு, ஃபில்டர் பண்ணா தெளிஞ்சிடுச்சு. இது போதுமா? அழுத்தத்தையும் பிஹெச்சையும் தனித்தனி அத்தியாயமா எழுதணும்னு திட்டம்.

பாலாறு_படுகை

தம்பி, முதல்ல அந்த வெண்மங்கல். அது கால்சியம் பாஸ்பேட். பாஸ்பேட்டும் கால்சியமும் பிஹெச் 7-ல ஒரே குடுவையில நிம்மதியா இருக்காது. ஃபில்டர் பண்ணதும் தெளிஞ்சது ஏன்னா நீங்க போட்ட கால்சியத்துல ஒரு பங்கு ஃபில்டர் தாள்லயே தங்கிடுச்சு. இப்ப உங்க கரைசல்ல கால்சியம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாது. மீதி இருக்கிறதும் மெதுவா, அழுத்தக் கலத்துக்குள்ள உட்கார்ந்துகிட்டே, படிகமாகலாம். அப்போ சிதறல் ஏறும். அதைப் பார்த்து "மூலக்கூறு திரும்பச் சேர்ந்துடுச்சு"ன்னு எழுதிடுவீங்க.

அதைவிடப் பெரிய சிக்கல், அழுத்தத்துல பாஸ்பேட்டோட பிஹெச் நிலையா நிக்காது. கணக்குப் போட்டே காட்டுறேன்.

எந்த அமிலமும் புரோட்டானை விடுறப்போ புதுசா மின்னூட்டம் வருது, அதைச் சுத்தி தண்ணி நெருக்கி அடுக்குது, மொத்தக் கன அளவு குறையுது. அழுத்தம் எப்பவுமே கன அளவு குறையுற பக்கம்தான் தள்ளும். பாஸ்பேட்டோட ரெண்டாவது அயனியாக்கத்துல ஒரு மோலுக்குச் சுமார் 25 மிலி குறையுது. பிகேஏ (அமிலத்துல பாதி புரோட்டானை விட்டு நிக்கிற பிஹெச்) மாற்றம் = (கன அளவு மாற்றம் × அழுத்தம்) ÷ (2.303 × ஆர் × டி). ஆர் வாயு மாறிலி, டி கெல்வின் வெப்பநிலை. 25 டிகிரியில கீழே இருக்கிறது சுமார் 5,700 ஜூல். 100 மெகாபாஸ்கல்ல மேலே 2,500 ஜூல். வகுத்தா 0.44.

அதாவது 100 மெகாபாஸ்கலுக்கு ஏறக்குறைய 0.4 அலகு பிஹெச் இறங்குது. 200-க்குப் போனா 7.0-ன்னு நீங்க ஊத்தினது 6.2 பக்கம் வந்து நிக்கும். மீட்டர் அழுத்தக் கலத்துக்குள்ள போகாது, வெளிய எடுத்தா மறுபடி 7.0 காட்டும். அதனால இது கண்ணுலயே படாது.

டிரிஸ்ங்கிற இன்னொரு பஃபரை எடுத்துக்கோங்க. அது புரோட்டானை விடுறப்போ மின்னூட்ட எண்ணிக்கை மாறல (நேர்மின் அயனி நடுநிலை ஆகுது, புரோட்டான் அந்த மின்னூட்டத்தை எடுத்துக்குது). கன அளவு மாற்றம் மோலுக்கு 1 மிலி பக்கம்தான். 200 மெகாபாஸ்கல்லயும் 0.03, 0.04 தான் நகரும். அழுத்த வேலைக்கு டிரிஸ்தான்.

காட்பாடி_கியூவெட்

டிரிஸ்ஸுக்கு ஓட்டு. ஆனா அதுல ஒரு குழி இருக்கு, நம்ம ஊர்ல ஆழமான குழி. டிரிஸ் அழுத்தத்துக்கு அசையாது, வெப்பத்துக்கு அசையும்: டிகிரிக்குச் சுமார் 0.03. 4 டிகிரி அறையில 7.5-ன்னு சரி பண்ணி, கத்திரி வெயில்ல 38 டிகிரி மேசையில வச்சு அளந்தா 34 × 0.03, ஒரு முழு அலகு. 7.5-ன்னு நினைச்சது 6.5 ஆயிருக்கும். அதனால எந்த வெப்பநிலையில அளக்கப் போறீங்களோ அதே வெப்பநிலையில பிஹெச் சரி பண்ணணும். மீட்டரோட தர பஃபரும் அதே வெப்பநிலையில இருக்கணும்.

அழுத்தம் ஏத்தறப்போ மாதிரி தானே சூடாகும், 100 மெகாபாஸ்கலுக்கு ரெண்டு மூணு டிகிரி. ஏத்தின உடனே அளக்கக் கூடாது. கலத்தைச் சுத்தி ஓடுற தண்ணி வெப்பத்தை வாங்கறவரை ஒவ்வொரு படியிலயும் 10–15 நிமிஷம் விடுங்க.

ஏலகிரி_பனி

கட்டமைப்பைக் கொஞ்சம் சொன்னால் மேலே சொன்னதற்கெல்லாம் காரணம் விளங்கும்.

நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் அடைபட்டிருக்கிறது. மண்புழுவுக்குச் சிவப்பணு கிடையாது. இரத்த நீரிலேயே நேரடியாகக் கரைந்து மிதக்கிறது. 16, 17 ஆயிரம் டால்ட்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) துண்டுகளாக மிதந்தால் இரண்டு கேடு: கழிவு நீக்கும் நெஃப்ரிடியம் வழியாக ஒழுகிப் போகும், துகள் எண்ணிக்கை பெருகிச் சவ்வூடு அழுத்தம் ஏறும். அதற்குத்தான் இந்த ராட்சச உருவம். சுமார் 36 இலட்சம் டால்ட்டன், 30 நானோமீட்டர் அகலம், 20 நானோமீட்டர் உயரம். மின்நுண்ணோக்கியில் மேலிருந்து பார்த்தால் அறுகோணம், பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு.

லும்பிரிகஸ் மண்புழுவில் விவரம் தெளிவாக இருக்கிறது. 144 குளோபின் சங்கிலிகள் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள ஹீமைச் சுமக்கும் புரதம்), 36 இணைப்புச் சங்கிலிகள். குளோபின்கள் 12, 12-ஆகச் சேர்ந்து ஒரு பன்னிருகூட்டு. அப்படிப் பன்னிரண்டு பன்னிருகூட்டுகள். இணைப்புச் சங்கிலிகள் நடுவில் சட்டம் போல நின்று அவற்றைப் பிடித்திருக்கின்றன. 2000-இல் 5.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்திலும் 2006-இல் 3.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்திலும் படிக அமைப்பு வெளியானது.

ஒவ்வொரு இணைப்புச் சங்கிலியிலும் கால்சியத்தைப் பிடிக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. எல்டிஎல் (கொழுப்புத் துகள்) ஏற்பியில் காணப்படும் அதே வகை மடிப்பு. ஆகவே கால்சியம் இங்கே வெறும் உப்பு இல்லை, கட்டடத்தின் ஆணி. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ போட்டால் ஆணி பிடுங்கப்படும்.

காரத்தில் ஏன் உடைகிறது? உட்பரப்புகளில் எதிர்மின் அமிலப் பக்கச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. பிஹெச் ஏற ஏற அவற்றைச் சமன் செய்யும் நேர்மின்னூட்டங்கள் குறைகின்றன. எதிர்மின்னும் எதிர்மின்னும் தள்ளிக்கொண்டு துண்டுகள் விலகுகின்றன. முதலில் சுமார் 2 இலட்சம் டால்ட்டன் பன்னிருகூட்டு, பிறகு மும்மை, தனிச்சங்கிலி, இணைப்புச் சங்கிலிகள். மும்மை மட்டும் பிஹெச்சுக்கு மசியாது. மூன்று குளோபின்களும் டைசல்ஃபைடு பாலத்தால் கட்டுண்டவை. எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை நிறைவாரியாகப் பிரிக்கும் முறை) அந்தப் பாலத்தை வெட்டும் மெர்காப்டோ எத்தனால் போடாமல் ஓட்டினால் 50 ஆயிரம் பக்கம் மும்மையும், 16 ஆயிரம் பக்கம் தனிச்சங்கிலியும், இடையில் 24 முதல் 32 ஆயிரம் வரை இணைப்புகளும் நிற்கும். போட்டு ஓட்டினால் 50 ஆயிரம் பட்டை காணாமல் போகும். உங்கள் மாதிரி சுத்தமா என்று பார்க்க இந்த இரண்டு ஓட்டமும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வேண்டும்.

ஆற்காட்டு_மண்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்போ பிஹெச் 5.4-ல சிதறல் ஏறுறது இறுக்கம் இல்லையா?

பாலாறு_படுகை

இல்லப்பா. பிரேசில் மண்புழு குளோசோஸ்கோலெக்ஸ் பாலிஸ்டஸ் ஹீமோகுளோபினுக்கு சமமின் புள்ளி 5.5 பக்கம். இந்தக் குடும்பத்துல பெரும்பாலும் அமிலப் பக்கம்தான் விழும். அந்தப் புள்ளியில மூலக்கூறுக்கு நிகர மின்னூட்டம் இல்ல, ஒண்ணை ஒண்ணு தள்ளாது, முழு மூலக்கூறுகளே கும்பலா ஒட்டிக்கும். சிதறல் ஏறுறது அந்தக் கும்பலால. உள்கட்டமைப்பு இறுகினதால இல்ல.

சிதறலுக்குப் பெருசு மேல ரொம்பப் பாசம். டிஎல்எஸ்ல துகளோட பங்களிப்பு விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும். 28 நானோமீட்டர் துகள் இருக்கிற கரைசல்ல 280 நானோமீட்டர் கும்பல் ஒண்ணு இருந்தா அது பத்து இலட்சம் துகளோட குரல்ல கத்தும். மிச்சம் பேர் உடைஞ்சு கிடந்தாலும் கேட்காது.

பிரிச்சுப் பார்க்க வழி: பிஹெச் 5.4 மாதிரியை 10,000 ஜி-ல 10 நிமிஷம் சுத்துங்க. அந்த வேகத்துல முழு மூலக்கூறு அடியில படியாது, கும்பல் படியும். மேல்நீரோட 415 நானோமீட்டர் உறிஞ்சலை (அது ஹீமோட முகடு) முன்னாடி பின்னாடி ஒப்பிடுங்க. குறைஞ்ச அளவுதான் கும்பலானது. அப்புறம் மேல்நீரை மட்டும் டிஎல்எஸ் போடுங்க.

பிஹெச் 4-க்குக் கீழ போனா கதை வேற. அங்க ஹீம் பையை விட்டு நழுவும். 415 முகடு சரிஞ்சு அகலமாகி இடப்பக்கம் நகரும், பழுப்பு வண்டல் விழும். அது பிரிதல் இல்ல, அழிவு. திரும்ப பிஹெச் 7-க்குக் கொண்டு வந்தாலும் சிவப்பு வராது. "அமிலத்தின் விளைவு"ன்னு ஒரே தலைப்புல இந்த ரெண்டையும் போட்டுடாதீங்க.

பூநாகம்

அமிலத்துல இன்னொண்ணும் நடக்கும், அதை விட்டுட்டீங்க. தானே ஆக்சிஜனேற்றம். பிஹெச் குறையக் குறைய இரும்பு ஃபெரிக் ஆகிறது வேகமாகும், வெயில் அதை இன்னும் விரட்டும். அப்படி ஃபெரிக் ஆன மெட் வடிவம், ஆக்சிஜன் ஏந்தின ஆக்சி வடிவத்தை விட எளிதா உடையும். ஆகவே காலையில பிஹெச் 6-ல வச்ச மாதிரியைச் சாயந்திரம் எடுத்து அழுத்தம் கொடுத்தா, நீங்க சோதிக்கிறது வேற புரதம்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னாடி 450-லேர்ந்து 700 வரை ஒரு ஓட்டம் ஓட்டுங்க. 540-லயும் 575-லயும் ரெண்டு கூர்மையான முகடு, நடுவுல ஆழமான பள்ளம் இருந்தா ஆக்சி. 575 சப்பிப் போய், 630 பக்கம் சின்ன தோள் எழும்பினா மெட் ஆரம்பிச்சிடுச்சு. 500 பக்கமும் தூக்கும். கண்ணுக்கே தெரியும்: செம்பருத்தி நிறம் போய்ச் சுக்குக் காப்பி நிறம் வரும். அந்த மாதிரியைத் தள்ளி வையுங்க.

மெட் ஆனதைத் திருப்ப டைத்தயோனைட் போடலாம்னு சிலர் நினைப்பாங்க. டைத்தயோனைட் ஆக்சிஜனைத் தின்னுட்டு அமிலத்தை உண்டாக்கும். பலவீனமான பஃபர்ல பிஹெச் கீழ விழுந்துடும். பிஹெச் சோதனைக்குள்ள அது வேண்டாம்.

செம்பேடு_உரக்குழி

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் கழிவு ஏறின மண்ணுல புழு நிக்க மாட்டேங்குது. மண்ணோட பிஹெச் புழு இரத்தத்துல இந்த ஹீமோகுளோபினை உடைக்குறதாலயா?

பூநாகம்

இல்லீங்க. மண்ணோட பிஹெச் இரத்தத்துக்கு அப்படியே போகாது. புழு தன் உடல் நீரை நடுநிலைக்குப் பக்கத்துல காத்துக்கும். கழிவு மண்ணுல முதல்ல அடிக்கிறது உப்பு. ஈரத்தோல் வழியா மூச்சு விடுற உயிருக்கு உப்பு ஏறினா தண்ணி வெளிய இழுபடும். குரோமியம், சல்ஃபைடு எல்லாம் அதுக்கு மேல. ஹீமோகுளோபின் உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே புழு அந்த இடத்தை விட்டுப் போயிடும். உரக்குழிக்குன்னா மண்கரைசலோட மின்கடத்து திறனை அளந்து பாருங்க, பிஹெச்சை விட அது பயன்படும்.

காட்பாடி_கியூவெட்

செறிவு அளக்கிறதைப் பத்தி யாரும் பேசல. பிராட்ஃபோர்ட் (சாயம் போட்டுப் புரதம் அளக்கிறது) தேவையில்ல, ஹீமே போதும். 36 இலட்சத்தை 144-ஆல வகுத்தா, ஒரு ஹீமுக்கு 25,000 கிராம். ஒரு மிலிக்கு 1 மில்லிகிராம்னா ஹீம் 0.04 மில்லிமோலார். ஆக்சி ஹீமோகுளோபினுக்கு 415-ல ஒரு மில்லிமோலார் ஹீமுக்கு 125 வச்சுக்கிட்டா, 1 மில்லிகிராமுக்கு உறிஞ்சல் 5. ஸ்பெக்ட்ரோவுல 0.5 வந்தா 0.1 மில்லிகிராம். அவ்வளவுதான்.

இதோட இன்னொரு விஷயம் ஒட்டியிருக்கு. சிதறல் அளக்க 415 பக்கமே போகாதீங்க, ஹீமே ஒளியைக் குடிச்சிடும். 650-க்கு மேல ஏதாவது அலைநீளம் எடுங்க. டிரிப்டோஃபேன் (புரதத்துல தானே ஒளிர்ற அமினோ அமிலம்) ஒளிர்வுன்னா 280, 295-ல தூண்டலாம், ஆனா தூண்டுற அலைநீளத்துல உறிஞ்சல் 0.1-க்குக் கீழ இருக்கிற மாதிரி நீர்க்க வையுங்க. முழு மூலக்கூறுல ஹீம் பக்கத்துல இருக்கிறதால ஒளிர்வு அணைஞ்சு கிடக்கும். உடைய உடைய, முக்கியமா ஹீம் நழுவினா, ஒளிர்வு எழும்பும். சிதறல் இறங்குது, ஒளிர்வு பெருசா ஏறலன்னா பிரிதல் மட்டும். சிதறல் இறங்க இறங்க ஒளிர்வும் நல்லா ஏறிச்சுன்னா உள்மடிப்பே குலையுது. ரெண்டையும் ஒரே ஓட்டத்துல எடுத்தா இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஏலகிரி_பனி

சிதறலிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். ஒரே எடைச் செறிவில் சிதறல், எடைச் சராசரி மூலக்கூறு நிறையைப் பின்தொடரும். முழு மூலக்கூறு இணைப்புச் சங்கிலியோடு சேர்ந்த பன்னிரண்டு சம துண்டுகளாகப் பிளந்தால் சிதறல் பன்னிரண்டில் ஒரு பங்காகும். பன்னிருகூட்டுகள் தனி, இணைப்புச் சங்கிலிகள் தனி என்று பிரிந்தால்? குளோபின் பங்கு சுமார் 24.6 இலட்சம், இணைப்புப் பங்கு 9.7 இலட்சம் என்று வைத்து 2.05 இலட்சம், 27 ஆயிரம் என்ற துண்டு நிறைகளைப் போட்டால் சராசரி 1.55 இலட்சம் வரும். அப்போது சிதறல் சுமார் இருபத்து இரண்டில் ஒரு பங்கு. ஆகவே வளைவு எந்தத் தளத்தில் போய்ப் படுக்கிறது என்பதே எப்படி உடைந்தது என்று சொல்லும். இதற்குத் தூசி இல்லாத கரைசல் வேண்டும். எல்லாப் பஃபரையும் 0.22 மைக்ரானில் வடிகட்டுங்கள். வெறும் பஃபரின் சிதறலையும் ஒவ்வொரு அழுத்தத்திலும் எடுத்துக் கழியுங்கள்.

இனி அழுத்தம். ஆயிரம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் பார் வரை, அதாவது 100 முதல் 250 மெகாபாஸ்கல் வரை, இந்த ராட்சசம் பிரியும். புரதக் கூட்டுகளை அழுத்தத்தால் பிரித்துப் பார்க்கும் முறையைக் கிரகோரியோ வெபர் இல்லினாயில் வளர்த்தெடுத்தார். குளோசோஸ்கோலெக்ஸ் ஹீமோகுளோபின் மேல் 1989-இலும் 1991-இலும் வந்த ஆய்வுகள் இரண்டு வியப்புகளைக் காட்டின.

ஒன்று, செறிவு. சாதாரணச் சமநிலை என்றால் நீர்க்க வைத்த கரைசல் குறைந்த அழுத்தத்திலேயே பிரிய வேண்டும். இங்கே அப்படி நடக்கவில்லை. செறிவை மாற்றியும் வளைவு இடம் பெயரவில்லை. இவ்வளவு பெரிய கூட்டில் ஒவ்வொரு துகளும் சற்றுச் சற்று வேறுபட்டிருக்கிறது. இளைத்தது முதலில் உடைகிறது, கெட்டியானது பின்னால் உடைகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வளைவின் சரிவு, துகள்களின் பலப் பரவலையே பெரிதும் காட்டுகிறது. அதில் சமநிலைச் சூத்திரத்தைக் கண்ணை மூடிப் பொருத்திக் கன அளவு மாற்றம் எடுத்தால் பொய்யான சின்ன எண் வரும்.

இரண்டு, மீட்சி. பாதி வரை பிரித்து அழுத்தத்தை விட்டால் பெரும்பாலும் திரும்பிச் சேர்கிறது. முழுக்கப் பிரித்துவிட்டால் முழுதாகத் திரும்புவதில்லை. பிரிந்த துண்டு தனியே கிடக்கும்போது வடிவம் நெகிழ்ந்து, பழைய பொருத்தத்தை இழக்கிறது. கால்சியமும் கிளிசராலும் இருந்தால் மீட்சி நன்றாகிறது என்பதுதான் 1991 ஆய்வின் முக்கியச் செய்தி.

பாலாறு_படுகை

இப்ப இந்தப் புள்ளியிலதான் தம்பியோட "தனித்தனி அத்தியாயம்" உடையுது. நிதானமா சொல்றேன்.

கார பக்கம் போனா உடையுது. நடுநிலைக்குக் கொஞ்சம் கீழ, 6-லேர்ந்து 7-க்குள்ள, கெட்டியா நிக்குது. 5.5 பக்கம் கும்பலாகுது. இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு பாஸ்பேட்டுல அழுத்தம் ஏத்துங்க.

பிஹெச் 7.0-ல ஆரம்பிச்சா, அழுத்தம் ஏற ஏற பஃபர் 6.2-க்கு நழுவுது. அழுத்தம் பிரிக்கப் பார்க்குது, இறங்குற பிஹெச் சேர்த்துப் பிடிக்குது. மொத்தத்துல "இந்தப் புழுவோட ஹீமோகுளோபின் அழுத்தத்துக்கு ரொம்ப உறுதியானது"ன்னு முடிவு வரும். தப்பு.

பிஹெச் 6.0-ல ஆரம்பிச்சா 5.2-க்குப் போகுது. சமமின் புள்ளியைத் தாண்டிப் போறதால கும்பல். சிதறல் இறங்குறதுக்குப் பதிலா ஏறும். "அழுத்தம் ஒட்டவைக்குது"ன்னு முடிவு வரும். அதுவும் தப்பு.

பிஹெச் 8.0-ல ஆரம்பிச்சா இன்னும் மோசம். அந்த பிஹெச்சுல பாஸ்பேட்டோட தாங்கு திறனே குறைவு, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சாலே ஆடும்.

அதே புரதம், அதே கலம், மூணு விதமான பொய். பஃபரோட கன அளவு மாற்றம் ஒண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம். அதனால அழுத்தமும் பிஹெச்சும் ஒரே அத்தியாயத்துல, ஒரே வரைபடத்துல இருக்கணும். கிடைமட்டத்துல அழுத்தம், ஒவ்வொரு கோடும் ஒரு பிஹெச், ஒவ்வொரு கோட்டுக்கும் கால்சியம் உள்ளது, இல்லாதது ரெண்டு.

பஃபர்: 7-லேர்ந்து 9 வரை டிரிஸ். 6-லேர்ந்து 7 வரை பிஸ்-டிரிஸ் அல்லது எம்இஎஸ், ரெண்டுக்குமே அழுத்த நகர்வு குறைவு. 5 பக்கம் அசிட்டேட்தான் வழக்கம், ஆனா அதுவும் 100 மெகாபாஸ்கலுக்கு 0.2 பக்கம் இறங்கும். அந்தக் கோட்டுல அதைக் கணக்குப் போட்டு எழுதுங்க. 500 மிலிக்கு 50 மில்லிமோலார் டிரிஸ்னா 3.03 கிராம். சோடியம் குளோரைடு சேர்த்து எல்லாப் பஃபரோட அயனி வலிமையையும் சமமாக்குங்க, இல்லன்னா நாலாவதா ஒரு காரணம் உள்ளே வரும்.

ஆற்காட்டு_மண்

இது எங்களுக்குத் தோணவே இல்ல அக்கா. பாஸ்பேட்டை விட்டுட்டோம். கால்சியம் இல்லாத கட்டுப்பாட்டுக்கு வெறும் டிரிஸ் போதும்தானே?

காட்பாடி_கியூவெட்

பாத்திரம் எதுல கழுவுறீங்கன்னு பாருங்க. போர் தண்ணி கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுன்னா, அது முழுக்கக் கால்சியம்னு வச்சா 3 மில்லிமோலார். கெட்டில் அடியில வெள்ளைப் படிவு விடுற தண்ணி எல்லாம் இந்தக் கணக்குல வரும். குடுவையை அதுல அலசி அப்படியே காயவச்சா உங்க "கால்சியம் இல்லாத" மாதிரியில கால்சியம் இருக்கு. கழுவினதும் நீர்த்த ஈடிடிஏ-ல ஒரு அலசல், அப்புறம் அயனி நீக்கிய தண்ணியில அஞ்சாறு தடவை. அந்த ஈடிடிஏ மிச்சம் இருந்தா அதுவும் ஆபத்து, அதனால அலசலைச் சுருக்காதீங்க.

ஒண்ணு கவனிங்க, புரதத்துக்குள்ள பிடிச்சிருக்கிற கால்சியம் வெறும் டிரிஸ்ல உடனே வெளிய வராது. அதனால மூணு நிலை வையுங்க: 10 மில்லிமோலார் கால்சியம், எதுவும் சேர்க்காதது, 1 மில்லிமோலார் ஈடிடிஏ. மூணாவது பிஹெச் 7-ல மெதுவா தளரும், 8-ல சீக்கிரம் உடையும். நடுவுல இருக்கிறது எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்தாலே உங்க மாதிரியோட கால்சிய நிலை தெரிஞ்சிடும்.

பூநாகம்

மாதிரி தயாரிப்புல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், இரத்தம் எப்படி எடுக்கிறீங்க?

ஆற்காட்டு_மண்

குடல் காலியாக ஒரு நாள் ஈர வடிதாள்ல விட்டு, 10 சதவீத எத்தனால்ல மயக்கி, துண்டா வெட்டி, குளிர்ந்த பஃபர்ல வடியவிட்டு, 250 ஆயிரம் ஜி-ல 3 மணி நேரம் சுத்துறோம் சார்.

பூநாகம்

துண்டா வெட்டுறதை விடுங்க. வெட்டினா இரத்தத்தோட உடற்குழி நீரும் குடல் சாறும் கலந்து வரும். மண்புழுக் குடல்ல புரதத்தைத் தின்னும் நொதிகள் ஏராளம். இரத்தக்கட்டியைக் கரைக்கப் பயன்படுத்துற லும்ப்ரோகைனேஸ் அங்கேர்ந்து வந்ததுதான். அது கலந்தா ராத்திரியோட ராத்திரியா இணைப்புச் சங்கிலியை முதல்ல கடிக்கும். ஜெல்லுல 24–32 ஆயிரம் பட்டைகள் மங்கி, அடியில மெழுகினாப்ல வரும். அந்த மாதிரிக்கு அழுத்தம் கொடுத்தா சீக்கிரம் உடையாம என்ன செய்யும்?

முதுகுப் பக்கம் தோலை மட்டும் சின்னதா கீறி, முதுகு இரத்தக் குழாயைப் பார்த்து, கண்ணாடிக் குழலைச் சூடாக்கி இழுத்துக் கூராக்கின முனையால உறிஞ்சுங்க. மஞ்சளா நீர் வந்தா அது உடற்குழி நீர், அந்தப் புழுவை விட்டுடுங்க. எடுத்த இரத்தம் உடனே ஐஸ்ல இருக்கிற டிரிஸ் பஃபருக்குப் போகணும், அதுல நொதியைத் தடுக்கிற பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார். பிஎம்எஸ்எஃப் தண்ணியில சீக்கிரம் செத்துடும், ஐசோபுரோப்பனால்ல கரைச்சு வச்சு அந்த நேரத்துல சேர்க்கணும். ஈடிடிஏ சேர்ந்த நொதித்தடுப்புக் கலவை எதையும் போடாதீங்க, ஆணியைப் பிடுங்கிடும்.

மயக்கின புழுவை எத்தனால் போக நல்லா அலசணும். சுத்தினப்புறம் குழாய் அடியில சிவப்பு ஜெல்லி மாதிரி, மாதுளை முத்து நிறத்துல, ஒளி ஊடுருவுற மாதிரி படியும். அதைப் பிப்பெட்டால குத்திக் கலக்காதீங்க, நுரை வந்தா புரதம் கெடும். மேல கொஞ்சம் பஃபர் விட்டு 4 டிகிரியில ராத்திரி முழுக்க வச்சா தானே கரையும். கரையாம மேல நிக்கிற பழுப்புத் தோல் கெட்டுப்போன பங்கு, அதைச் சேர்க்க வேண்டாம்.

ஏலகிரி_பனி

இயற்கையில் அழுத்தமும் அமிலமும் ஒன்றாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, ஒப்பீட்டுக்குப் பயன்படும். 1977-இல் கலபாகஸ் பிளவில் கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வாழும் ரிஃப்டியா குழாய்ப்புழு. சுமார் 2,500 மீட்டர் ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு பார் என்றால் 250 பார், 25 மெகாபாஸ்கல். மண்புழு ஹீமோகுளோபின் பிரியும் அழுத்தத்தில் இது நான்கில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான். ஆழ்கடல் என்றதும் அழுத்தம்தான் பகை என்று நினைப்போம். ராட்சச ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை அந்த ஆழம் அப்படியொன்றும் பெரிய சோதனை இல்லை.

அதன் இரத்தத்தில் 36 இலட்சம் வகையும் 4 இலட்சம் வகையும் இருக்கின்றன. உடற்குழி நீரில் இன்னொரு 4 இலட்சம் வகை: 24 குளோபின்கள் சேர்ந்த உள்ளீடற்ற கோளம், இணைப்புச் சங்கிலியே இல்லாதது. அது ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. ஊற்று நீர் அமிலம், புழுவின் இரத்தமோ நடுநிலைக்குச் சற்று மேல். புரோட்டானை வெளியேற்றுவதில் அந்தப் புழு பெரும் ஆற்றலைச் செலவிடுகிறது. ஹீமோகுளோபினை அமிலம் தாங்கும்படி மாற்றுவதைவிட, அதைச் சுற்றியுள்ள நீரின் பிஹெச்சைக் காப்பதில்தான் அதன் கவனம் இருக்கிறது. உங்கள் முன்னுரையில் "ஆழ்கடல் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள" என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். 250 மெகாபாஸ்கல் நமக்கு ஒரு கருவி. கூட்டைச் சூடாக்காமலும் யூரியா ஊற்றாமலும் பிரித்துப் பார்க்க உதவும் நெம்புகோல்.

ஆற்காட்டு_மண்

அந்த வரி முன்னுரையில முதல் வரியாவே இருந்துச்சு. எடுத்துட்டேன். ரெண்டு நாள்ல எதை எதைப் பண்ணலாம்னு சொல்லுங்க.

காட்பாடி_கியூவெட்

முதல் நாள் காலையில பஃபர் மட்டும், ஏத்தி இறக்கி. அப்புறம் பிஹெச் 7.5, 10 மில்லிமோலார் கால்சியம், புரதம் மிலிக்கு 0.05 மில்லிகிராம். 25 மெகாபாஸ்கல் படியா மேல 250 வரை, அதே படியா கீழ. ஏத்தும்போது எடுத்த கோடும் இறக்கும்போது எடுத்த கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழாது, அந்த இடைவெளியே ஒரு முடிவு. மத்தியானம் அதையே 0.5 மில்லிகிராம்ல. செறிவுக் கேள்விக்குப் பதில் அங்க வரும். இந்தச் செறிவுல 280 உறிஞ்சல் கூடிடும், ஒளிர்வை நம்பாதீங்க, சிதறலை மட்டும் எடுங்க.

ரெண்டாம் நாள் கால்சியம் சேர்க்காததும் பிஹெச் 6.5-ம். கடைசியா ஒரு பாதி ஓட்டம்: சிதறல் பாதிக்கு இறங்கின அழுத்தத்துலயே நிறுத்தி, அங்கேர்ந்து கீழ. முழு ஓட்டத்தோட மீட்சியையும் இதோட மீட்சியையும் ஒப்பிடலாம். பிஹெச் 8.5-க்கு நேரம் இருந்தா பாருங்க, அது சாதாரண அழுத்தத்துலயே பாதி உடைஞ்சு நிக்கும்.

கலத்துல அழுத்தம் கடத்துறது பெரும்பாலும் எத்தனால். உள்ள இருக்கிற குவார்ட்ஸ் குப்பியோட பாலித்தீன் மூடி சரியா உட்காரலன்னா எத்தனால் மாதிரிக்குள்ள கசியும், புரதம் மங்கலாகும். காற்றுக்குமிழி விடாம மூடுங்க. குமிழி அமுங்கி மூடியை உள்ள இழுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் மாதிரியை எடுத்து 450–700 ஓட்டம் போட்டுப் பாருங்க.

பாலாறு_படுகை

கொண்டு போறதுல கவனம். உறைய வைக்காதீங்க, உறைஞ்சு உருகினா உடையும், மெட்டும் ஆகும். மிலிக்கு 10 மில்லிகிராமுக்கு மேல கெட்டியா, கால்சியம் இருக்கிற டிரிஸ்ல, குழாயை விளிம்பு வரை நிரப்பி, தண்ணி கலந்த ஐஸ்ல. ஐஸ் ஜெல் பை நேரடியா குழாயைத் தொடக் கூடாது, அது சுழியத்துக்குக் கீழ போகும். நடுவுல ஒரு துணி மடிப்பு. காட்பாடி ஜங்ஷன்லேர்ந்து மூணு நாலு மணி நேரம், தெர்மாகோல் பெட்டி தாங்கும். நீர்க்கிறது அங்க போய்.

ஆற்காட்டு_மண்

சரிங்க அக்கா. கடைசியா ஒண்ணு. கால்சியம் குளோரைடு இங்க டைஹைட்ரேட். 100 மிலிக்கு 10 மில்லிமோலார்னா 0.147 கிராம், சரிதானே?

பாலாறு_படுகை

கணக்கு சரி. ஆனா பாட்டிலைத் திறந்து பாருங்க. தூள் உதிரியா இல்லாம கட்டி தட்டி ஈரமா இருந்தா அது காத்துல இருந்த தண்ணியைக் குடிச்சிருக்கு, 0.147-ல கால்சியம் குறைவா இருக்கும். புது பாட்டில் உடைங்க, 1 மோலார் சேமிப்புக் கரைசல் ஒண்ணு செஞ்சு, எல்லாப் பஃபருக்கும் அதுலேர்ந்தே எடுங்க. பிஹெச் சரி பண்ணுறது கால்சியம் சேர்த்ததுக்கு அப்புறம்.